ஓரக்கோட்டின் மேல் மூன்று நாள்

எல்லாரும் நலம்தானே? முழங்கால், இடுப்பு, கண் எல்லாம் சொன்னபடி கேட்கின்றனவா? தலைசுற்றல் இருந்தவர்களுக்குத் தேவலையா? மாத்திரை போட வேண்டியவர்கள் போட்டுவிட்டு வாருங்கள், அவசரமில்லை. நாற்காலி ஆடினால் காலுக்கடியில் ஒரு பேப்பரை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். இது சைக்கிள் கதை. கேட்பவர்களுக்கு வலிக்காது, ஓட்டியவர்களுக்குத்தான் உட்கார முடியாமல் போனது.

மலையடியில் இருக்கும் ஒரு நகரத்து விளையாட்டு மைதானம். விடிந்தும் விடியாத நேரம். பனி புல்லை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடந்தது. அந்தப் பனிக்குள் நூற்று நாற்பது சைக்கிள்கள் முழங்கால் வரை மறைந்து மிதப்பதுபோல் நின்றன. மூன்று நாளில் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிக் கடலைத் தொட வேண்டும். நெஞ்சுவலி வந்தவர்களை ஏற்றிப் போக ஓர் ஆம்புலன்ஸ் வாங்கப் பணம் திரட்டுவதற்காக இந்த ஓட்டம். அப்படி நெஞ்சுவலியில் யாரையாவது இழந்தவர்கள்தான் பெரும்பாலும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு சதுரத் துணி. அதில் யாருக்காக ஓட்டுகிறோம் என்று அவரவர் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். ‘அப்பாவுக்காக.’ ‘என் தங்கச்சிக்கு.’ ஒரு பெரியவர் ‘மனைவிக்கு, அவள் வளர்த்த நாய்க்கும்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தார்.

அந்த நூற்று நாற்பது துணிக்கும் ஓரம் மடித்துத் தைத்தது ஒரு தையல்காரம்மா. பள்ளிக்கூட யூனிஃபார்மும் ஜன்னல் திரையும் தைத்துப் பிழைப்பவள். ஐம்பத்து நாலு வயது. அவளும் வந்திருந்தாள். அவள் முதுகில் ‘அவருக்காக’ என்று மட்டும் இருந்தது.

“எவருக்காகன்னு கேட்க மாட்டாங்களா அண்ணி?” என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார். புருஷனோடு கூடப் பிறந்த ஒரே தங்கை. பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. எதிரில் நிற்பவரை வரிசையில் நிற்கிற ஆளாகவே பார்த்துப் பழகிவிட்டவள். அவள் முதுகில் ‘எங்க அண்ணனுக்கு’ என்று பெரிதாக இருந்தது.

“கேட்டா சொல்லிக்கிறேன்.”

“அது சரி, இது என்ன சீட்டு மேல? சோபா செட்டையே கூட்டிட்டு வந்திருக்கீங்க.”

தையல்காரம்மா சைக்கிள் சீட்டுக்குப் பஞ்சு வைத்து ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். “நாளைக்குச் சாயங்காலம் நீயே வந்து கேப்ப, அப்ப தர மாட்டேன்” என்றாள்.

விசில் ஊதினார்கள். நூற்று நாற்பது சைக்கிள்களும் பனியைக் கிழித்துக்கொண்டு கிளம்பின.

எல்லாரும் முன்னால் பார்த்து ஓட்டினார்கள். தையல்காரம்மா மட்டும் கீழே பார்த்து ஓட்டினாள். தார் ரோட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, உள்ளங்கை அகலத்தில், வளைவில் வளைந்து, மேட்டில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறதே, அதைத்தான். அந்தக் கோட்டைப் போட்டது அவள் புருஷன்.

ரோட்டுக்குக் கோடு அடிக்கிற வேலை அவருக்கு. டிரம்மில் பெயிண்டைக் காய்ச்சி உருக்கி, தள்ளுவண்டி மாதிரி ஒரு மெஷினில் ஊற்றி, அதைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் கோடு விழும். காய்வதற்குள் மேலே கண்ணாடித் தூள் தூவுவார்கள், விளக்கு வெளிச்சத்தில் மின்னுவதற்கு. இந்த மலையடியிலிருந்து தொடங்கி இரண்டு வருடம் நடந்தார். முதலில் வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். கோடு வீட்டுப் பக்கம் நெருங்க நெருங்க, வாரம் இருமுறை, பிறகு தினமும். வீட்டுக்கு வருகிற நாளானாலும், வேலை முடிந்ததும் சாயங்காலம் போன் போட்டுச் சொல்வார். “இன்னைக்கு மூணாவது பாலத்துக்கிட்ட கோட்டைப் படுக்க வச்சிருக்கேன். காலைல போய் எழுப்பணும்.” ஏதோ கைக்குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்.

கோடு வீட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர் இருக்கும்போது நின்றுபோனது. அவரும்.

ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த இடத்துக்கு அவள் வீட்டு வாசலிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். ஒருநாள்கூடப் போகவில்லை. அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறாமல் இருப்பதற்காகவே நூல் வாங்கும் கடையைக்கூட மாற்றிக்கொண்டாள். ஊரை ஒதுக்கிப் புது ரோடு வந்ததில் பஸ்ஸும் அந்தப் பக்கம் போவது குறைந்தது, அவளுக்கு வசதியாயிற்று. போன மாதம் பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வந்தது. பழைய ரோட்டுக்குப் புதிதாகத் தார் போடப் போகிறார்கள், கோடு அதற்கடியில் போய்விடும். அன்றைக்குத்தான் சைக்கிள் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தாள்.

ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

கடைசி நாள் காலையில் அவர் வாசல்படியில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே, “நெஞ்சுல ஏதோ அடைச்சாப்புல இருக்கு” என்றார். நாற்பது யூனிஃபார்ம், மத்தியானம் கொடுத்தாக வேண்டும். அவள் பாவாடைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். வாயில் ஏழெட்டுக் குண்டூசி. வாயைத் திறக்க முடியாது. “ம்ம்” என்றாள். கையைத் தூக்கி அசைத்தாள். ‘கொஞ்சம் இருங்கள்’ என்று அசைத்தாளா, ‘போய்வாருங்கள்’ என்று அசைத்தாளா, இன்றைக்கு வரை அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது. அவர் போய்விட்டார். மத்தியானம் மூன்று மணிக்குச் செய்தி வந்தது.

“பட்டுன்னு போயிட்டாரும்மா, ஒரு வலி இல்ல” என்று எல்லாரும் சொன்னார்கள். புருஷன் செத்த எல்லாப் பெண்களிடமும் இப்படித்தானே சொல்கிறார்கள்? பக்கத்தில் இருந்து பார்த்தவர் எவரும் இல்லை. கூட வேலை பார்த்தவன் பின்னால் டிரம்மில் பெயிண்ட் காய்ச்சிக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். காலையிலிருந்து அந்த வலியைத் தூக்கிக்கொண்டே நாள் முழுக்க நடந்தாரா? மனுஷர்கள் இரக்கப்பட்டுப் பொய் சொல்வார்கள். கோடு சொல்லாது. வலியோடு தள்ளியிருந்தால் கோடு கோணியிருக்கும் என்பது அவள் கணக்கு. அதனால்தான் முதல் நாள் எழுபது கிலோமீட்டரும் குனிந்தபடியே வந்தாள், நல்லாயிருந்த நாளில் அவர் கோடு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள. துணிக்கு அளவு எடுக்கும் முன்னால் நல்ல சட்டை ஒன்றைக் கேட்டு வாங்குவாளே, அதுபோல.

ஒரு கோணல் இல்லை. மரநிழலும் வெயிலும் மாறி மாறி மேலே விழ, கோடு ஓடியது. பார்த்துக்கொண்டே இருந்தால் சைக்கிள் நிற்பதுபோலும் கோடு மட்டும் கீழே நழுவிப் போவதுபோலும் தோன்றும். சில சமயம் அடுத்த வளைவில் ஒரு முதுகு தெரிவதுபோல் இருக்கும். வியர்வையில் நனைந்த காக்கிச் சட்டை, மெஷின் மேல் கொஞ்சம் சாய்ந்த தோள். அவள் வளைவு திரும்பினால் ஒரு வளைவு தள்ளிப் போயிருப்பார். அவசரமே இல்லை இரண்டு பேருக்கும்.

“அண்ணி! மாடு மேயுற மாதிரி குனிஞ்சுக்கிட்டே போறீங்க. மலையைப் பாருங்க, எவ்வளவு அழகு!”

“நீ பாத்துட்டு வந்து சொல்லு.”

“கிளினிக்கா இருந்தா உங்களுக்குக் கடைசி டோக்கன்தான்.”

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் தங்கல். பெஞ்சுகளை ஓரம் கட்டிவிட்டு ஆளாளுக்குக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். நாத்தனார் நேராக வந்து, சீட்டிலிருந்து கழற்றி வைத்திருந்த மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டாள். தையல்காரம்மா பார்த்து மட்டும் வைத்தாள்.

கூட வரும் வேனை ஓட்டுபவனுக்கு டப்பா என்று பேர். புருஷனோடு பெயிண்ட் காய்ச்சிக்கொண்டிருந்தவன்தான். பெயிண்ட் டப்பாவில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பான், அதனால் அந்தப் பேர். அவர் போன பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு வண்டி ஓட்டுகிறான். தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஏன்க்கா குனிஞ்சே ஓட்டுறீங்க? கழுத்து பிடிச்சுக்கப் போகுது.”

“உங்கண்ணன் கோட்டைப் பாத்துக்கிட்டே வந்தேம்ப்பா. நூத்துநாப்பது கிலோமீட்டர். ஒரு இடம் கோணல் இல்ல.”

டப்பா சிரித்தான். “எப்படிக்கா கோணும்? கயிறு கட்டித்தானே அடிப்போம்! இந்த முனைல ஒரு ஆணி, அந்த முனைல ஒரு ஆணி, நடுவுல விறைப்பா கயிறு. அது மேலயே தள்ளிட்டுப் போறதுதான். நூறு டிகிரி காய்ச்சல்ல அடிச்சாலும் நேராத்தான் வரும். நேரா இருக்கிறது கயித்தோட வேலை. நடைதான் அண்ணனோடது. அம்மாடி, என்னா நடை! ரோடு இன்ஸ்பெக்டர் வந்து ‘என்னய்யா இவ்வளவு மெலிசா விழுந்திருக்கு, நடக்கிறியா ஓடுறியா’ன்னு திட்டுவார். மெதுவா போனா தடியா விழும்ல? நான் தள்ளினா ‘ஆகா, எப்படித் தடியா போட்டிருக்கான் பாரு’ன்னு பாராட்டுவாங்க. சோம்பேறித்தனத்துக்கு நல்ல பேர் வாங்கினவன் நான் ஒருத்தன்தான்க்கா.”

தையல்காரம்மாவுக்குக் கயிறு என்பதோடு காது அடைத்துப்போயிற்று. மற்றதெல்லாம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் கேட்டது. இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியும் இந்தக் கயிற்றைப் பற்றி அவர் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கோணலே விழ முடியாத கோட்டில் போய்க் கோணலைத் தேடியிருக்கிறாள். ஆணியும் கயிறும் வைத்து இழுத்த கோடு அவளுக்கு என்ன சொல்லிவிடப் போகிறது?

“என்னக்கா, முகம் வாடிப்போச்சு?”

“ஒண்ணுமில்லப்பா. முட்டி வலி.”

மூன்றாம் நாள் காலையில் அப்படி ஒரு பனி. கைப்பிடி தெரிகிறது, முன்சக்கரம் தெரியவில்லை. நூற்று நாற்பது பேரும் மணி அடித்துக்கொண்டே போனார்கள், ஏதோ மேகத்துக்குள் மந்தை போவதுபோல. ஒரு மணி நேரத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் புது ரோடு, அகலமாக, அம்புக்குறி போட்டு ஆள் நிறுத்தியிருந்தார்கள். இடப்பக்கம் பழைய ரோடு. மணிச்சத்தமெல்லாம் வலப்பக்கம் திரும்பியது. பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவளும் வலப்பக்கம்தான் திரும்பினாள். நூறடி போயிருப்பாள். இங்கே ஓரக்கோடு புதிது, வேறு யாரோ போட்டது, அதன்மேல் சக்கரம் ஏறியபோது அவளுக்கு அந்நியர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல் கூச்சமாக இருந்தது. சைக்கிளைத் திருப்பினாள். பனியில் யாரும் பார்க்கவில்லை.

பழைய ரோட்டில் வண்டி நடமாட்டமே இல்லை. தாரின் வெடிப்பில் புல் முளைத்திருந்தது. கோட்டின் மேல் சருகு. கொஞ்ச தூரத்தில் மூடிப்போன ஒரு பெட்ரோல் பங்க், கூரையில் புறாக்கள். அவளுக்கு அந்த இடம் தெரியும், பார்த்ததே இல்லை என்றாலும். “பூட்டின பங்க் வாசல்ல படுக்க வச்சிருக்கேன்” என்று கடைசி நாளைக்கு முந்தின சாயங்காலம் போனில் சொன்னார். சருகை ஒதுக்கிப் பார்த்தாள். கோட்டின் மேல் ஒரு சாண் அளவுக்கு இன்னொரு கோடு ஏறியிருந்தது. முந்தின நாள் முடிந்து அடுத்த நாள் தொடங்கிய ஒட்டு. இங்கேதான் காலையில் வந்து அதை எழுப்பியிருக்கிறார், வாசலில் அவள் கையசைத்த அந்தக் காலையில்.

பின்னால் பிரேக் கிறீச்சிட்டது.

“புத்தி இருக்கா அண்ணி உங்களுக்கு? மெத்தையைக் காணோம்னு பாத்தா ஆளையே காணோம்! பனியில எங்க போய் விழுந்தீங்களோன்னு எனக்கு உசுரே இல்ல!”

“நான் ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் திட்டு.”

சொன்னாள். வாசல்படி, செருப்பு, நெஞ்சு அடைப்பு, வாயில் குண்டூசி, கை அசைத்தது, எல்லாம். சொல்லும்போது நாத்தனார் முகத்தைப் பார்க்கவில்லை, புறாக்களைப் பார்த்தாள்.

நாத்தனார் கைப்பிடியைத் திருப்பினாள். சைக்கிளில் ஏறி, பனிக்குள் போயே போய்விட்டாள். முதுகில் இருந்த ‘எங்க அண்ணனுக்கு’ மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளையாகத் தெரிந்து, அதுவும் மறைந்தது. தையல்காரம்மா பெட்ரோல் பங்க் திண்டில் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிடவில்லை. கூப்பிட அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்துச் சக்கரச் சத்தம் திரும்பி வந்தது. நாத்தனார் கண் சிவந்திருந்தது.

“பதினோரு கிலோமீட்டர் பஸ்ஸுல வர்றதுக்குப் பதிலா, நூத்தம்பது கிலோமீட்டர் சைக்கிள்ல சுத்திக்கிட்டா வந்தீங்க?”

“நேரா வர கால் வரல.”

“ஒன்றரை வருஷமா என்கிட்ட சொல்லல.”

“சொன்னா நீ என் வீட்டுப் படி ஏற மாட்டியோன்னு பயம்.”

“ஏற மாட்டேன்தான். ஒரு மாசம் ஏற மாட்டேன். அப்புறம் வந்திருப்பேன், எனக்கு வேற யார் இருக்கா?” மூக்கைத் துணியில் துடைத்துக்கொண்டாள். “ஏறுங்க. நானும் பாக்கணும்.”

“பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் கயிறு கட்டிப் போட்டதாம்.”

“சும்மாவாவது போவோம்.”

போனார்கள். தையல்காரம்மா முன்னால், நாத்தனார் பின்னால். சருகில் சறுக்காமல் இருக்கக் கோட்டின் மேலேயே ஓட்டினார்கள். சூரியன் பனிக்குப் பின்னால் பால்போல் வந்து நின்றது. கோட்டில் கண்ணாடித் தூள் மினுக்மினுக்கென்றது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஆனதும் அவள் பார்ப்பதை விட்டுவிட்டாள். அப்போதுதான் கேட்டது.

சக்கரத்துக்கு அடியில் ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ் என்று ஒரே சீராக, மெல்லிய துணியில் தையல் மெஷின் ஓடுமே, அந்தச் சத்தம். முப்பது வருடமாக அவள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள், ஊசி ஒற்றைத் துணியில் ஓடுகிறதா, மடிப்பில் ஏறுகிறதா என்று. நேற்று தண்ணீருக்கடியில் கேட்ட டப்பாவின் பேச்சு இப்போது மேலே மிதந்து வந்தது. வேகமாக நடந்தால் மெல்லியது. மெதுவாகப் போனால் தடிமன்.

“பேசாம வா” என்றாள் பின்பக்கம் பார்த்து.

“நான் பேசவே இல்லையே!”

“இப்பப் பேசுற பாரு.”

ஒரு கிலோமீட்டர், மெல்லிய துணி. இரண்டு கிலோமீட்டர், மெல்லிய துணி. இன்ஸ்பெக்டர் திட்டுவாரே, அந்த நடை. காலை பத்து மணி நடை, பதினொரு மணி நடை. ஒரு மேடு வந்தது, மேட்டிலும் அதே நடைதான். அவள் பக்கத்திலேயே அவர் விறுவிறுவென்று நடந்து வருவதுபோல் இருந்தது. வெந்த பெயிண்ட் வாசனைகூட வந்ததுபோல் இருந்தது. மூன்று கிலோமீட்டர் தாண்டிச் சக்கரம் திடீரென்று ஏறியது. துணி மடிப்பில் ஊசி ஏறுவதுபோல், டுர்ர்ர் என்று. அவள் பிரேக்கைப் பிடிப்பதற்குள் அதுவும் முடிந்துபோயிற்று. சக்கரம் வெறும் தாரில் நின்றது.

இறங்கினாள். கோடு அங்கே நின்றிருந்தது. கடைசியில் மெஷின் நகராமல் நின்றதால் பெயிண்ட் ஒரு தட்டு அகலத்துக்குக் குவிந்து உறைந்திருந்தது. அதற்கு முன்னால் கொஞ்ச தூரம் தடிமன், விரல் வைத்தால் விளிம்பு தட்டுகிறது. அதற்கும் முன்னால் வந்த வழியெல்லாம் மெல்லியது. மண்டி போட்டு விரலால் தடவிக்கொண்டே போனாள். மறுபடி தடவிக்கொண்டே வந்தாள்.

“இங்கதான் மெதுவாகியிருக்கார். இதுக்கு முன்னாடி இல்ல” என்றாள்.

நாத்தனார் தடிமன் தொடங்கும் இடத்தில் போய் நின்று அடி எடுத்து வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். “பதினாலு. பதினாலு அடி நடந்திருக்கார் அண்ணி.”

பதினாலு அடி. தையல்காரம்மா அந்தத் தூரத்தையே பார்த்தாள். ஒரு பாவாடைக்கு மடிப்பு எடுக்கிற நேரம்கூட ஆகாது. ஆனாலும் பதினாலு அடி தனியாக நடந்திருக்கிறார். அதற்கு முன்னால் வலியை மறைத்துக்கொண்டே வேகமாக நடந்தாரோ என்றால், அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான் அவர். அதை எந்தக் கோடும் சொல்லப்போவதில்லை. அது தெரிந்தும் நெஞ்சுக்குள் ஒன்றரை வருடமாக இறுகிக் கிடந்த முடிச்சில் ஒரு நூல் தளர்ந்தது.

“இருங்க இருங்க” என்றாள் நாத்தனார். “நான் குள்ளம். எங்க அண்ணன் காலு என்ன நீளம்! என் பதினாலு அவருக்கு எப்படிப் பதினாலாகும்?”

மறுபடி போய், காலை அகட்டி அகட்டி வைத்து வந்தாள். “பத்து.”

“அவரு அதைவிட எட்டி வைப்பார். தள்ளு, நான் நடக்கிறேன்.” தையல்காரம்மா புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டாள். இருபத்தாறு வருடம் அந்த நடைக்குப் பின்னாலேயே ஓடியவள். ஓர் அடி எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று அவள் காலுக்குத் தெரியும். விழுந்துவிடுவதுபோல் எட்டி எட்டி வைத்தாள். நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

“எட்டு.”

“எட்டரை அண்ணி, ஏமாத்தாதீங்க.”

“எட்டு!”

“சரி, எட்டு. எட்டுன்னே வச்சுக்குவோம்.”

இரண்டு பேரும் கோட்டின் முனையில், ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து அழுதார்கள். பனி மெல்லக் கலைந்து வயல் தெரிய ஆரம்பித்தது. தூரத்தில் டப்பாவின் வேன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தது.

“எங்கக்கா போனீங்க? எல்லாரும் பத்து கிலோமீட்டர் போயிட்டாங்க! வண்டில ஏறுங்க, கொண்டுபோய்ச் சேர்த்துடுறேன்” என்று இறங்கி ஓடி வந்தவன், அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“சைக்கிள்லயே வரோம்ப்பா” என்றாள் தையல்காரம்மா, எழுந்து புடவையை உதறிக்கொண்டே. “நீ முன்னாடி மெதுவா போ. கடலு எங்கயும் ஓடிடாது.”

அவ்வளவுதான் கதை. போனவர் கையால் செய்து விட்டுப்போன ஏதாவது உங்கள் வீட்டிலும் இருக்கும். அரைகுறையாக நிற்கிற சுவரோ, பாதி பின்னிய ஸ்வெட்டரோ, சாய்வாக அடித்த ஆணியோ. நீங்கள் அதைத் தொட்டுப் பார்த்ததுண்டா, தொட்டபோது என்ன தோன்றியது? இரண்டு வரியானாலும் எழுதிப் போடுங்கள். எழுத்துப்பிழை பார்க்க மாட்டேன், வரிக்கு வரி படிப்பேன். மறக்காமல் மாத்திரையும் போட்டுக்கொள்ளுங்கள்.